தொடாத கை

அந்தப் புகைப்படத்தில் நான் அந்தரத்தில் இருக்கிறேன். வெள்ளைச் சீருடை, இடுப்பில் பழுப்புப் பட்டை, மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்து பறக்கிறது. எனக்கும் மேடைத் தரைக்கும் நடுவில் ஒரு ஆள் குனிந்து போய்விடலாம். எதிரே என் கராத்தே மாஸ்டர் வலது காலை முன்வைத்து, வலது உள்ளங்கையை நீட்டி நிற்கிறார். முகத்தில் ஒரு சிரமமும் இல்லை. அவருடைய கைக்கும் என் தோளுக்கும் இடையே நன்றாக ஒரு சாண் இடைவெளி. படம் எடுத்த ஸ்டுடியோக்காரர் அந்த இடைவெளியைத்தான் எல்லோருக்கும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "பாருங்க, தொடாமலே தூக்கிப் போட்றாரு!" மேடையின் ஓரத்தில் நின்று எடுத்த படம் என்பதால் கீழே முதல் வரிசையும் கொஞ்சம் விழுந்திருக்கிறது. அங்கே என் அப்பா வாயைத் திறந்தபடி, தட்டப் போகிற இரண்டு கைகளோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் மாஸ்டரின் மனைவி, அவர் மடியில் ஒரு கைக்குழந்தை. குழந்தையின் முகத்தில் பாதிதான் தெரிகிறது.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் கடலோரத்து அணு ஆராய்ச்சி நகரியத்தில், ஒரே மாதிரி மஞ்சள் வண்ணம் அடித்த வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அந்தப் படத்தைப் பார்த்துத் தகரப் பலகையில் பெரிதாக வரைந்து, புதுப்பட்டினம் கடைத்தெருவில் பயிற்சிப் பள்ளியின் வாசலில் மாட்டினார்கள். பலகை ஓவியர் எனக்கு மூக்கைக் கொஞ்சம் நீளமாக வைத்துவிட்டார். ஆனாலும் அந்த வழியாகச் சைக்கிளில் போகும்போதெல்லாம் நான் தலையை நிமிர்த்திக்கொள்வேன். மூலப் படத்தைச் சட்டம் போட்டு அப்பா கூடத்தில் மாட்டினார். இன்று படூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூடத்திலும் அதுதான் தொங்குகிறது. அம்மா போன பிறகு எங்களோடு இருக்க வந்த அப்பா, துணி மூட்டைக்கு முன்னால் அதைத்தான் காரிலிருந்து இறக்கினார்.

அப்பா வரைபடப் பிரிவில் வேலை பார்த்தவர். திருநெல்வேலிக்காரர். ஒரு தேங்காய் வாங்குவதென்றாலும் காதருகே வைத்து ஆட்டி, விரலால் சுண்டி, எதிர்க்கடையிலும் நாலு காயைச் சுண்டிப் பார்த்த பிறகுதான் பையில் போடுவார். அப்படிப்பட்டவர் என்னைக் கராத்தேயில் சேர்க்க நினைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா செங்கல்பட்டுக் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தார். ஒருநாள் திருக்கழுக்குன்றம் நிறுத்தத்தில் ஒருவன் அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அக்கா கல்லூரிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அந்த வாரம் முழுக்க அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "ஒருத்தன் கையப் புடிச்சா ஒதறிட்டு வரத் தெரியணும்ட்டி. எனக்கு அது போதும்" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். கோப்பையோ பட்டையோ அவருக்குத் தேவைப்படவில்லை.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கவும் தேங்காய்க்குச் செய்த சோதனையைத்தான் செய்தார். புதுப்பட்டினத்தில் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த மொட்டை மாடிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து பல நாள் மாலைகளில் பார்த்தார். சீருடைகள் சொட்டு நீலத்தில் பளிச்சென்று இருந்தன. பிள்ளைகள் வரிசை பிசகாமல் நின்றார்கள். ஒரே குரலில் கத்தினார்கள், ஒரே நேரத்தில் வணங்கினார்கள். அப்பாவை எல்லாவற்றையும்விடக் கவர்ந்தது படிக்கட்டின் மேல் விடப்பட்டிருந்த செருப்புகள். "செருப்பப் பாத்தியாட்டி? ஒண்ணாவது கோணலா இருக்கா, சொல்லு! இதுதான் டிசிப்ளின்" என்றார். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிறவர் இல்லை அவர். ஆனாலும் எங்கள் நகரியத்தில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான் பார்த்தார்கள். நேரத்துக்கு வருவதும், வரிசையில் நிற்பதும், சொன்னதைக் கேட்பதும் இருந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். அவர்கள் வேலை செய்த இடத்தில் அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். சேர்க்கும்போது அப்பா மாஸ்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். "பிள்ளைக்கு அடிகிடி பட்டுறக்கூடாது சார். பரீச்ச வேற வருது." மாஸ்டர் அதற்குக் கைகூப்பினார். "இங்க கீற எல்லாம் என் பொண்ணுங்க, என் பசங்க சார். ஒரு கீறல் வுழுமா?" என்றார்.

மாஸ்டர் குட்டையான மனிதர். மெல்லிய குரல், நறுக்கிவிட்ட மீசை. புதுப்பட்டினமே சொந்த ஊர். அதிர்ந்து பேசிப் பார்த்ததில்லை. கடற்காற்று மாடியில் தினமும் மணலைக் கொண்டுவந்து கொட்டும். அதை முதலில் அவரே பெருக்கத் தொடங்குவார், நாங்கள் ஓடிப்போய்த் துடைப்பத்தைப் பிடுங்கிக்கொள்வோம். தென்னைநார் மெத்தைகளைப் பரப்பி, மேலே பச்சைத் தார்ப்பாயை இழுத்துக் கட்டியதும் வகுப்பு ஆரம்பமாகும். பலகையில் கராத்தே என்று எழுதியிருந்தாலும், அவர் கற்றுக்கொடுத்ததில் பாதிதான் குத்தும் உதையும். மீதிப் பாதி ஆளைப் பிடித்துத் தூக்கிப் போடுவது. அதற்காக முதல் சில மாதங்கள் விழுவதற்கு மட்டுமே பழக்கினார். தாடையை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும், உடம்பு தரையைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் உள்ளங்கையால் தார்ப்பாயில் அறைய வேண்டும். அந்தச் சத்தம் கீழே சைக்கிள் கடை வரைக்கும் கேட்கும். விழுவதை அவர் நன்றாகவே கற்றுக்கொடுத்தார், அதை நான் இன்றும் மறுக்கமாட்டேன்.

அதற்குப் பிறகுதான் தூக்கிப் போடுவது வந்தது. எதிரில் நிற்பவர் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். பிடிபட்டவர் கையை உள்பக்கமாகச் சுழற்றி, இடுப்பைத் திருப்ப வேண்டும். பிடித்தவர் பறந்துபோய் விழ வேண்டும். விழுந்தே ஆக வேண்டும் என்பது அந்த மாடியின் எழுதாத சட்டம். "எதிர்ல கீறவன் வுழலன்னா உனக்கு டெக்னிக்கு வராது, அவனுக்கு மரியாத வராது" என்பார் மாஸ்டர். நாங்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். ஆகவே யார் கையைச் சுழற்றினாலும் விழுந்தோம். மாஸ்டர் சுழற்றினால் இன்னும் சீக்கிரம் விழுந்தோம். நாளடைவில் அவர் கை எங்கள் மேல் படுவதற்கு முன்னாலேயே உடம்பு கிளம்பிவிட்டது. இதை நாங்கள் நடிப்பு என்று நினைக்கவே இல்லை. இன்று கேட்பவர்களுக்கு இதுதான் நம்ப முடியாமல் இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அவருடைய கையிலிருந்து ஏதோ ஒன்று வந்து என்னைத் தள்ளியதை நான் உணர்ந்திருக்கிறேன். அழகாக விழுபவர்களுக்குப் பட்டை சீக்கிரம் கிடைத்தது. என்னைப்போல அழகாக விழ அங்கே ஆளில்லை.

விழ மறுத்தவள் ஒருத்திதான், என் எதிர்வீட்டுத் தோழி. நல்ல உயரம், அதைவிட நீளமான வாய். ஐந்தாறு மாதம்தான் வந்தாள். மாஸ்டர் அவள் முன்னால் கையை வீசினார், அவள் நட்டுவைத்த கம்பம்போல நின்றாள். மறுபடியும் வீசினார். "மாஸ்டர், நீங்க தள்ளவே இல்லையே? தள்ளுங்க, விழறேன்" என்றாள். மாடியே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "உனக்கு இன்னும் மரியாத பத்தல பாப்பா" என்று அவளை ஓரமாக உட்காரவைத்தார். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. பிறகு அவள் அப்பாவுக்கு மாற்றலாகி, குடும்பமே செங்கல்பட்டுக்குப் போய்விட்டது.

மாஸ்டரை நான் எவ்வளவு நம்பினேன் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். ஒருமுறை எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அவர் கீழாநெல்லியைத் தேடிப் பிடுங்கி, கழுவி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். கணக்கில் மதிப்பெண் குறைந்து அப்பா வகுப்பை நிறுத்தப் போவதாகச் சொன்னபோது வீட்டுக்கே வந்து எனக்காகப் பேசினார். அவருக்கு மகள் பிறந்ததும் சர்க்கரை டப்பாவோடு முதலில் வந்தது எங்கள் வீட்டுக்கு. அந்தக் குழந்தையை நான் இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி முழுக்கச் சுற்றியிருக்கிறேன். அது என் பட்டையின் நுனியை வாயில் வைத்து எச்சிலாக்கிவிடும். "அக்கா மேரியே நீயும் வரணும்டா" என்று அவர் குழந்தையிடம் சொல்வார். நகரியத்து ஆண்டு விழா மேடையில் அவர் என் பெயரைச் சொல்லி அழைத்து, அந்தத் திறந்த உள்ளங்கையை நீட்டியபோது, முதல் வரிசையில் அப்பா இருந்தார், அந்தக் குழந்தை இருந்தது. என் வாழ்நாளிலேயே மிக அழகாக நான் விழுந்தது அன்றுதான்.

கறுப்புப் பட்டையோடு கல்லூரிக்குப் போனேன், அங்கிருந்து சிறுசேரியில் மென்பொருள் வேலைக்கு வந்தேன். பட்டை பெட்டிக்குள் கிடந்தாலும் அது தந்த நிமிர்வு என் நடையில் இருந்தது. பஸ்ஸில் இடிக்கிறவனை முறைப்பேன். யாரும் இல்லாத தெருவிலும் வேகத்தைக் கூட்டமாட்டேன். ஊரிலிருந்து பேசும்போது அப்பா, "அவளுக்கு என்ன, அவளப் பாத்து மத்தவந்தான் பயப்படணும்" என்று உறவினர்களிடம் சொல்வது தொலைபேசியில் கேட்கும். சுனாமிக்கு அடுத்த வருடம், படூர் நிறுத்தத்தில் ஒரு காலை நேரம், அலுவலக வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். நல்ல வெயில், சுற்றிலும் ஆட்கள். சட்டைப் பொத்தான் போடாத ஒருவன் நேராக என்னிடம் வந்தான். ஏதோ சொன்னான், சிரித்தான், என் வலது மணிக்கட்டைப் பிடித்தான்.

எனக்குப் பயமே வரவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது. பயத்துக்குப் பதிலாக ஒரு சந்தோஷம்கூட வந்தது, இதற்குத்தானே இத்தனை வருடம் என்று. கையை உள்பக்கமாகச் சுழற்றினேன், இடுப்பைத் திருப்பினேன். எல்லாம் பாடத்தில் இருந்தபடியே சரியாக வந்தது. அவன் மட்டும் பறக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, நான் என்ன செய்கிறேன் என்று புரியாமல் என்னைப் பார்த்தான். பிறகு கையை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தான். இழுத்ததும் என் உடம்பு தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது. தாடை நெஞ்சோடு ஒட்டியது, மூச்சு வெளியே போனது, உள்ளங்கை தார் சாலையில் பளாரென்று அறைந்தது. அவன் காலடியில் நான் விழுந்து கிடந்தேன்.

சத்தம் கேட்டு ஆட்கள் திரும்ப, அவன் ஓடிவிட்டான். ஒரு சிராய்ப்புகூட எனக்கு இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு அம்மா என்னைத் தூக்கி நிறுத்தி, துப்பட்டாவில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "ஏம்மா, அந்தப் பேமானி கைய புட்சான்னா ஒரு கடி கட்சி வுட்டுட்டு ஓட வேண்டியதுதான? நீ இன்னாத்துக்கு வுழுந்த?" என்று கேட்டார். அவர் கடிந்துகொள்ளவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வண்டி வந்தது, ஏறி உட்கார்ந்தேன், அலுவலகத்தில் வேலையும் பார்த்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. முதலில் என்னைத்தான் குறை சொல்லிக்கொண்டேன். பழக்கம் விட்டுப்போயிற்று, திருப்பியது பத்தவில்லை, கால் தவறாக வைத்திருப்பேன் என்று அறையில் கண்ணாடி முன்னால் நின்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். கண்ணாடியில் எல்லாம் சரியாகவே இருந்தது.

அந்த நாட்களில்தான் எதிர்வீட்டுத் தோழியின் எண் ஒரு பொதுச் சிநேகிதி மூலம் கிடைத்தது. அவள் செங்கல்பட்டில் ஒரு வங்கியில் இருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை இங்க வா. நான் போற கிளாஸ்ல சும்மா உக்காந்து பாரு" என்றாள்.

ஏரிக்கரைப் பக்கம் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் கூடம். ரயில் போகும்போது ஜன்னல்கள் நடுங்கின. வாசலில் செருப்புகள் திசைக்கொன்றாகக் கவிழ்ந்து கிடந்தன. நான் என்னை அறியாமல் குனிந்து அவற்றை வரிசைப்படுத்தத் தொடங்க, தோழி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். அது ஜூடோ வகுப்பு. என் கண்ணுக்கு அது சந்தைபோல இருந்தது. ஒரே குரலில் யாரும் கத்தவில்லை. ஆளுக்கொரு பக்கம் இரண்டிரண்டு பேராகச் சட்டையைப் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள், தள்ளினார்கள், மூச்சு வாங்கினார்கள். நெடுநேரம் யாருமே விழவில்லை. ஒரு பையன் சீக்கிரமாகச் சரிந்தபோது பயிற்சியாளர் கத்தினார். "டேய், நீயா வுழாத! எழுந்து நில்லு. அவன் தள்ளி வுழுந்தாதான் அவனுக்கு வந்துச்சின்னு அர்த்தம்." நான் படித்த பாடத்தை யாரோ தலைகீழாக வாசிப்பதாகத் தோன்றியது. தோழி என்னை எழுப்பி, என் சட்டைக் காலரைப் பிடித்தாள். "என்னைத் தள்ளு" என்றாள். எவ்வளவு தள்ளியும் அவள் அசையவில்லை. பிறகு அவள் காலரை லேசாகத் தன் பக்கம் சாய்த்தாள். நான் பறந்துபோய் விழுந்து பாயில் அறைந்தேன். கூடமே திரும்பிப் பார்த்தது. பயிற்சியாளர் குழம்பிப்போய், "அவங்க இன்னும் இழுக்கவே இல்லியேம்மா" என்றார்.

விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்தேன். என் எதிரே பத்துப் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி, தன்னைவிடப் பெரிய பெண்ணோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றியிருந்தாள். பெரியவள் இழுத்தாள், இவள் போகவில்லை. பெரியவள் காலைத் தட்டினாள், இவள் தடுமாறி, நொண்டி, திரும்பவும் நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. தோழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யாருன்னு தெரியுதா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. "வெளியில போய்ப் பாரு, தெரியும்" என்றாள்.

வெளியே வேப்பமரத்தடியில் டி.வி.எஸ். வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு மாஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதில் பொய் இல்லை. "இன்னா பாப்பா, நீயா! இங்க எங்க? அப்பா சவுக்கியமா?" என்று எழுந்து நின்றார். நான் உள்ளே கைகாட்டினேன். "பாப்பாவை இங்கேயா மாஸ்டர் சேத்திருக்கீங்க?" அவர் தலையாட்டினார். வாரத்தில் மூன்று நாள் திருக்கழுக்குன்றம் வழியாக அவளை வண்டியில் கூட்டிவருவதாகவும், ஏழு வயதிலிருந்தே அவள் இங்கே வருவதாகவும் சொன்னார். சொல்லும்போதே, யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் படூர் நிறுத்தத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார். "உங்க அப்பா இன்னா கேட்டாரு, ஞாபகங் கீதா? அடி படக்கூடாதுன்னாரு. டவுன்ஷிப்புல அல்லாரும் அத்தத்தான் கேட்டாங்க. ஒரு புள்ள கையில நீலம் கட்டிகினு வூட்டுக்குப் போச்சுன்னா மறுநாளு நாலு புள்ள வராது. நான் இன்னாமா பண்றது?" என்றார். அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. "சரி மாஸ்டர், அப்போ பாப்பாவை மட்டும் ஏன் இங்க கூட்டிட்டு வர்றீங்க?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல, மெல்லிய குரலில் சொன்னார். "அவ என் பொண்ணும்மா."

அதற்குள் வகுப்பு முடிந்து அந்தப் பெண் நொண்டிக்கொண்டே வந்தாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மாஸ்டர் என்னை மறந்து அவள் கையை வாங்கினார். பிளாஸ்திரியைப் பிரித்து, வீங்கிய விரலை மெதுவாக மடக்கிப் பார்த்து, "எந்தப் பக்கம் இய்த்தா? காலர்ல கை மாட்டிக்கிச்சா? சுண்டு வெரல உள்ள வெச்சிப் புடிக்காதன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன்" என்று கடிந்துகொண்டார். வேறொரு துண்டுப் பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்து, எட்டுப் போல வளைத்துச் சுற்றினார். எப்படி விரல் சிக்கும், எப்படிக் கால் பிசகும், எங்கே பிடித்தால் ஆள் நிஜமாகவே சரிவான் என்று எல்லாமே அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாத மனிதர் என்றால் நான் அன்றே மன்னித்திருப்பேன். தனக்குச் சொல்லித்தந்தவர் தவறாகச் சொல்லித்தந்துவிட்டார், பாவம், அவரும் ஏமாந்தவர்தான் என்று விட்டிருப்பேன். இவர் தெரிந்துகொண்டே எங்களுக்கு விழ மட்டும் கற்றுக்கொடுத்தார். எங்களையும் தன் பெண்கள், தன் பசங்கள் என்று சொல்லிக்கொண்டே கற்றுக்கொடுத்தார். கீழாநெல்லி கொண்டுவந்த அதே கைதான் அது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வண்டி கிளம்பும்போது அந்தப் பெண் பின்னால் உட்கார்ந்து, அடிபட்ட கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது.

அதற்குப் பிறகு நான் மாஸ்டரைப் பார்க்கவில்லை. செங்கல்பட்டு வகுப்பில் நானும் சில மாதங்கள் போய் இழுபட்டேன். பிடித்தால் விழாமல் நிற்பதற்கே வெகுநாள் ஆயிற்று. காலம் ஓடிப்போய் இப்போது என் மகளுக்கு எட்டு வயது. எங்கள் குடியிருப்பின் சங்கக் கூடத்தில் மாலையில் ஒரு கராத்தே வகுப்பு நடக்கிறது. போன மாதம் அப்பாவும் நானும் பார்க்கப் போனோம். நீலம் போட்ட சீருடைகள், ஒரே குரல், ஒரே வணக்கம். வாசலில் செருப்புகள் நூல் பிடித்தாற்போல இருந்தன. அப்பாவின் முகத்தில் திருப்தி தெரிந்தது. வகுப்பு முடிந்ததும் நான் அந்த இளம் மாஸ்டரிடம் போய்ச் சீருடையைப் பற்றியோ சான்றிதழைப் பற்றியோ கேட்காமல், "சார், உங்க பிள்ளைங்க எங்க கத்துக்கிறாங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "என் பையன் நீச்சலுக்குப் போறான் மேடம். இதெல்லாம் அவனுக்கு எதுக்கு?" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா விடவில்லை. "ஏன்ட்டி சேக்கல? செருப்பெல்லாம் வரிசையாத்தான இருந்துச்சு" என்றார். இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னேன். படூர் நிறுத்தம், செங்கல்பட்டுக் கூடம், வேப்பமரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு எழுந்துபோய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புகைப்படத்தின் முன்னால் நின்றார். கோடு கோடாகப் பார்த்துப் பழகிய கண்கள். மாஸ்டரின் உள்ளங்கையிலிருந்து என் தோள்வரைக்கும் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். இந்தப் படத்தை அவர் எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறார்.

"அவரு கை ஒம்மேல படவே இல்லையேட்டி."

"படலப்பா."

"அப்போ நீ ஏன் விழுந்த?"

பஸ் நிறுத்தத்து அம்மாவுக்குச் சொல்லத் தெரியாத பதில் இப்போது எனக்குத் தெரிந்தது. படத்தின் கீழ் மூலையைக் காட்டினேன். "நீங்க முதல் வரிசையில உக்காந்திருந்தீங்கப்பா" என்றேன்.

அவர் திறந்த வாயோடு இருந்த தன் முகத்தையும், தட்டப் போகிற கைகளையும் பார்த்துக்கொண்டே நின்றார். பக்கத்தில் பாதி முகம் தெரிகிற அந்தக் குழந்தையையும் பார்த்தாரா என்று தெரியவில்லை. படம் இன்னும் கூடத்தில்தான் தொங்குகிறது. வருகிறவர்களுக்கு அதை இப்போது அப்பா காட்டுவதில்லை.